கடன் கொடுத்துவிட்டு தானக் கணக்கில் எழுதுகிறவர்கள்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. மார்ச் க்ளோசிங், பின்னாலேயே ஆடிட்... பேங்க்காரன் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததா. இப்போது எழுத உட்கார வைத்தது ஒரு சண்டை. பெரிய சண்டை இல்லை. இங்கே நாக்பூரில் நம்மவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிற இடத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே போட்ட சண்டை.

ஆரம்பித்தவர் ஒரு அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கம், முப்பது வருஷமாக இங்கே மொத்த வியாபாரம். அமெரிக்கா 2025 ஜூலையில் யு.எஸ்.எய்ட் அமைப்பை இழுத்து மூடியதைப் பற்றிப் பேச்சு வந்தது. "நல்லா வேணும் தம்பி. பணக்கார நாட்டுக்காரன் வரிப்பணத்தை அள்ளிக் கொட்டுறான், ஏழை நாட்டுக்காரன் வாங்கித் தின்னுட்டு உட்கார்ந்திருக்கான். எத்தனை நாளைக்கு ஓசியில ஓட்டுறது?" என்றார். தலையாட்டியவர்கள்தான் அதிகம்.

வாங்கியவன் தின்றானா, திருடினானா என்பதைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. திருடுகிற அரசாங்கங்கள் இருக்கின்றன, அதை மறுக்க நான் ஆளில்லை. "அள்ளிக் கொட்டுறான்" என்றாரே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. யார் கொட்டுகிறான், எவ்வளவு, எந்தப் பையிலிருந்து எடுத்து? அந்தக் கணக்குப் புத்தகத்தை அண்ணாச்சியும் பார்த்ததில்லை, தலையாட்டியவர்களும் பார்த்ததில்லை. நான் படித்தது பி.காம். உலக அரசியல் எனக்குத் தெரியாது, பற்று வரவு தெரியும். அந்தப் புத்தகத்தை எழுதியிருக்கிற மாதிரி ஒரு கிளை மேலாளர் தன் கிளைக் கணக்கை எழுதினால் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் அன்றைக்கே மேலிடத்துக்குப் போன் போட்டுவிடுவார்.

முதலில் அளவு. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளுக்கு உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. நூறு ரூபாய் சம்பாதித்தால் எழுபது பைசா. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2024-ல் அத்தனை பேரும் சேர்ந்து கொடுத்ததாகக் கணக்குக் காட்டியது சுமார் 21,200 கோடி டாலர். கேட்க மலைப்பாக இருக்கும். வருமானத்தோடு ஒப்பிட்டால் 0.33 சதவீதம், அதாவது முப்பத்து மூன்று பைசா. எழுபது பைசாவைத் தொட்டவர்கள் நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்ஸம்பர்க் என்று நாலே பேர். பிரிட்டன் 2015-ல் 0.7-ஐச் சட்டமாகவே போட்டது. 2021-ல் 0.5 ஆக்கியது. 2025 பிப்ரவரியில், ராணுவத்துக்குப் பணம் வேண்டும், 2027-ல் 0.3-க்குக் கொண்டுவருவோம் என்று அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு வேடிக்கை. மத்திய பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவி எவ்வளவு என்று பொதுமக்களிடம் கருத்துக்கணிப்பு எடுக்கும்போதெல்லாம் சராசரியாக நாலில் ஒரு பங்கு என்கிற மாதிரி பதில் வருகிறது. உண்மையில் அது ஒரு சதவீத வாக்கில்தான். அங்கேயும் அண்ணாச்சிகள் இருக்கிறார்கள்.

போகட்டும், முப்பத்து மூன்று பைசாவாவது கொடுக்கிறார்களே என்பீர்கள். இனிமேல்தான் சங்கதி. அந்த முப்பத்து மூன்று பைசாவுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பையனையோ பெண்ணையோ எம்.எஸ். படிக்க ஜெர்மனிக்கு அனுப்பியவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. அதற்குப் பதிலாக விசாவுக்கு முன்னால் ஒரு வருஷச் செலவை ப்ளாக்டு அக்கவுண்டில் போட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ. அந்தப் பணத்துக்காகக் கல்விக் கடன் கேட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த அப்பாக்கள் எத்தனை பேர்! வீட்டுப் பத்திரம், ஜாமீன், ப்ராசஸிங் ஃபீஸ் எல்லாம் தாண்டித்தான் பிள்ளை விமானம் ஏறும். அந்தப் பிள்ளைக்கு அங்கே பல்கலைக்கழகம் செய்யும் செலவை ஜெர்மனி எந்தத் தலைப்பில் எழுதுகிறது தெரியுமா? இந்தியாவுக்குக் கொடுத்த வளர்ச்சி உதவி! இது ஊழல் இல்லை, ஒளிவு மறைவும் இல்லை. உதவிக் கணக்கின் விதிகளை எழுதுகிற ஓ.இ.சி.டி. குழு, வளரும் நாட்டு மாணவர்களுக்கு ஆகும் செலவை இப்படி எழுத அனுமதித்திருக்கிறது. பிரான்ஸும் எழுதுகிறது. பிள்ளை படிப்பை முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்து, அங்கேயே வரி கட்டி, அவர்கள் ஓய்வூதிய நிதிக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பான். உதவி வாங்கிய நாடு என்ற பட்டம் மட்டும் இந்தியாவுக்கு. (இலவசமாகப் படிக்க விடுகிறார்களே, அதற்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று கேட்டால், பையன் சொல்லட்டும், நானும் சொல்கிறேன். அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்பதுதான் என் கேள்வி.)

இன்னொரு தலைப்பு அகதிகள். வேறு நாட்டிலிருந்து அடைக்கலம் கேட்டு வந்தவர்களுக்குத் தன் நாட்டிலேயே முதல் பன்னிரண்டு மாதம் செய்கிற சோறு, தங்குமிடச் செலவையும் உதவி என்று எழுதலாம். பிரிட்டன் 2022-ல் இப்படி எழுதியது 370 கோடி பவுண்ட். அந்த வருஷம் அது காட்டிய மொத்த உதவியில் கிட்டத்தட்ட 29 சதவீதம். அதில் பெரிய தொகை பிரிட்டிஷ் ஓட்டல்களுக்குப் போனது. அடைக்கலம் கொடுப்பது பெரிய தர்மம், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லண்டன் ஓட்டல் முதலாளிக்குப் போன வாடகையை ஆப்பிரிக்காவுக்கு அள்ளிக் கொட்டியதாக எழுதினால், அந்த ஆப்பிரிக்கக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது என்ன? வீட்டுக்கு விருந்தாளி வந்தார் என்று ஊருக்கு அனுப்புகிற பணத்தைக் குறைத்துவிட்டு, விருந்துச் செலவு பில்லை அம்மாவுக்கு அனுப்புகிற மகனை நாம் என்னவென்று சொல்வோம்?

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்வேன். பேங்க்காரனுக்குப் பற்றிக்கொண்டு வருகிற விஷயம் அடுத்தது. வராக்கடன்.

2005-ல் உலக நாடுகளின் உதவி முதன்முறையாக 10,000 கோடி டாலரைத் தாண்டியது. பத்திரிகைகள் கொண்டாடின. அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஈராக்குக்கும் நைஜீரியாவுக்கும் கடன் தள்ளுபடி, இரண்டும் சேர்த்து சுமார் 1,900 கோடி டாலர். அந்தக் கடன்களில் பெரும்பாலானவை ஆரம்பத்தில் உதவியாகக் கொடுத்ததே அல்ல. தங்கள் நாட்டுக் கம்பெனிகளின் சரக்கை விற்பதற்காக அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்த ஏற்றுமதிக் கடன்கள். சதாம் காலத்தில் விற்றது, யுத்தமும் பொருளாதாரத் தடையும் வந்து தவணை நின்று, வட்டிக்கு வட்டி ஏறிப் பூதமாகிக் கிடந்தது. வசூல் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். 2004 நவம்பரில் பாரிஸ் கிளப் என்கிற கடன்காரர்கள் கூட்டம் எண்பது சதவீதத்தைத் தள்ளுபடி செய்தது. செய்ய வேண்டியதுதான். ஆனால் தள்ளுபடி செய்த தொகையை அந்த வருஷம் புதிதாகக் கொடுத்த உதவி என்று எழுதிக்கொண்டார்கள்!

எங்கள் பேங்க்கில் ஒரு மில்லுக்குக் கொடுத்த கடன் பதினைந்து வருஷமாக வராமல், புரொவிஷன் போட்டு, கடைசியில் ரைட் ஆஃப் செய்கிறோம் என்று வையுங்கள். அதை சமூகப் பொறுப்பு நிதியில் கொடுத்த நன்கொடை என்று ஆண்டறிக்கையில் போட்டால் ரிசர்வ் பேங்க் சும்மா விடுமா? அங்கே விட்டது மட்டுமில்லை, விதியே அப்படி.

சரி, மையமான விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீர்கள். வட்டிக் கணக்குதான்.

உதவி என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி திருப்பித் தர வேண்டாத மானியம். இன்னொரு பகுதி கடன், சலுகைக் கடன். ஜப்பான் கொடுப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. சென்னை மெட்ரோவில் ஏறுகிறீர்களே, அதுவும் ஜப்பானின் ஜைக்கா கொடுத்த கடனில் ஓடுவதுதான். சலுகைக் கடனில் எவ்வளவு சலுகை, எவ்வளவு கடன் என்று பிரிக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எதிர்காலத்தில் வரப்போகிற தவணைகளின் இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு, கொடுத்த தொகையிலிருந்து கழித்தால் மிச்சம்தான் இனாம். 2018 கணக்கிலிருந்து இந்த இனாமைத்தான் உதவியாக எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் கடன் முழுவதையும் உதவி என்று எழுதிவிட்டு, அசல் திரும்பி வரும்போது கழித்துக்கொண்டார்கள். வட்டியைக் கழிக்கவே மாட்டார்கள்! அதைவிட இது தேவலாம். கொள்கையில் தப்பே இல்லை, நாங்களும் இப்படித்தான் போடுவோம்.

வில்லங்கம் எதில் என்றால், இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர எந்த வட்டி விகிதத்தில் கழிக்கிறார்கள் என்பதில். மிக ஏழை நாடு என்றால் 9 சதவீதம். இந்தியா மாதிரி நாடுகளுக்கு 7. அதற்கு மேல்தட்டு என்றால் 6. கடன் எந்தக் கரன்சியில் இருந்தாலும், கொடுக்கிற நாடு எவ்வளவு மலிவாகப் பணம் திரட்டியிருந்தாலும் இதே விகிதம்தான்.

மும்பை–அகமதாபாத் புல்லட் ரயிலை எடுத்துக்கொள்வோம். முதலில் போட்ட திட்ட மதிப்பில் 81 சதவீதம் ஜப்பான் கடன். வட்டி 0.1 சதவீதம், 50 வருஷத் தவணை, முதல் 15 வருஷம் அசல் கட்ட வேண்டாம். அருமையான கடன்தான், நம் பேங்க்கில் யாருக்காவது கிடைக்குமா? அந்தக் கடனில் நூறு ரூபாயை எடுத்து எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். பதினாறாம் வருஷத்திலிருந்து அசலைச் சம தவணையில் கட்டுவதாக வைத்துக்கொண்டேன். 7 சதவீதத்தில் கழித்தால் அந்த நூறு ரூபாய்க் கடனில் சுமார் 85 ரூபாய் இனாம் என்று வருகிறது. 2 சதவீதத்தில் கழித்தால் இனாம் சுமார் 45. ஒரு சதவீதத்தில் போட்டால் 25. அதே கடன், அதே தவணை, அதே கையெழுத்து. ஒரே ஒரு செல்லில் இருக்கிற எண்ணை மாற்றினால் 25 ரூபாய் தானம் 85 ரூபாய் தானமாகிவிடுகிறது.

எந்த எண் சரி? கொடுக்கிறவனுக்கு அந்தப் பணம் எவ்வளவில் கிடைத்தது என்று பார்ப்பதுதான் நியாயம். புல்லட் ரயிலுக்குக் கையெழுத்தான காலத்தில் ஜப்பான் அரசின் பத்து வருஷப் பத்திரம் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. ஜைக்கா கடன் கொடுக்கிற பணம் எல்லாமே ஜப்பானியரின் வரிப்பணம் என்றும் நினைக்காதீர்கள். அரசின் கடன் திட்டத்திலிருந்து வாங்குகிறது, சந்தையில் பத்திரம் விற்கிறது, பழைய கடன்காரர்கள் கட்டுகிற தவணையைத் திரும்பச் சுழற்றுகிறது. அதாவது ஒரு பேங்க் செய்கிற வேலை. ஏழு சதவீதத்துக்குக் காரணம் கேட்டால், கடன் வராமல் போகிற ரிஸ்க் இருக்கிறதே என்பார்கள். சரி, ரிஸ்க்குக்கு முன்கூட்டியே வரவு வைத்தாயிற்று. பின்னால் அந்தக் கடன் நிஜமாகவே வராமல் தள்ளுபடி செய்தால்? அதையும் உதவிக் கணக்கில் எழுதலாம் என்று 2020-ல் விதி செய்தார்கள். இரண்டும் சேர்ந்து கொடுத்த தொகையைத் தாண்டக் கூடாது என்று ஒரு உச்சவரம்பு, அவ்வளவுதான். புரொவிஷனும் நான் போடுவேன், அதற்குப் பாராட்டுவிழாவும் நான் நடத்துவேன் என்கிற கதை.

இன்னொன்று, கடன் யென்னில். திருப்பிக் கட்டுவதும் யென்னில். யென் ஏறினால் சுமை வாங்கியவன் தலையில். 1985 செப்டம்பரில் ஒரு டாலருக்குச் சுமார் 240 யென் இருந்தது. 1987 முடிவில் 120 சொச்சம். யென்னில் கடன் வாங்கி டாலரில் சம்பாதித்துக்கொண்டிருந்த இந்தோனேசியா போன்ற நாடுகளுக்கு, ஒரு பைசா புதிதாக வாங்காமலேயே கடன் ஏறக்குறைய இரட்டித்தது. அந்த நஷ்டத்தை யாரும் எந்தப் பேரேட்டிலும் 'எதிர் உதவி' என்று எழுதவில்லை.

"அப்போ எல்லாமே ஏமாற்று வேலைங்கிறியா?" என்று அண்ணாச்சி கேட்டார். இல்லை. உலக வங்கியின் ஐ.டி.ஏ. என்ற கை இருக்கிறது. 1960-ல் ஆரம்பித்தது, மிக ஏழை நாடுகளுக்கு மட்டும். வட்டி இல்லாமல் 0.75 சதவீத சேவைக் கட்டணத்தில் நீண்டகாலக் கடன் கொடுத்து வந்தது. கடனில் மூழ்குகிற அபாயத்தில் இருக்கிற நாடுகளுக்கு இப்போது மானியமாகவே கொடுக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியா வாங்கிய அளவைப் பார்த்து இதை 'இந்தியா டெவலப்மென்ட் அசோசியேஷன்' என்று கேலி செய்வார்களாம். 1980-ல் தமிழ்நாட்டில் கிராமம் கிராமமாகப் பச்சைக் குழந்தைகளை எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவு கொடுத்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? அது ஐ.டி.ஏ. கடன். நல்ல கடன்.

ஆனால் அதுவும் கடன். அப்போதைய விதிப்படி ஐம்பது வருஷத் தவணை, அதாவது 1980-ல் வாங்கியதற்குக் கடைசித் தவணை 2030 வாக்கில். அன்றைக்குத் தராசில் உட்கார்ந்த குழந்தைக்கு இன்றைக்கு என் வயது. அவர் கட்டுகிற வரியிலிருந்து அந்தத் தவணை போகிறது. 2014-ல் இந்தியா ஐ.டி.ஏ. தகுதியைக் கடந்தது, பின்னால் நிதி கொடுப்பவர்கள் வரிசையிலும் போய் நின்றது. ஐ.டி.ஏ. அடுத்த மூன்று வருஷத்துக்கு நிதி திரட்டும்போது என்ன நடக்கிறது? 2024 டிசம்பரில் சியோலில் கூடி, நாடுகள் சேர்ந்து தருவதாகச் சொன்னது 2,370 கோடி டாலர். அறிவித்த மொத்தத் திட்டம் 10,000 கோடி டாலர். மிச்சம் எங்கிருந்து? 2018-லிருந்து ஐ.டி.ஏ. சந்தையில் பத்திரம் விற்கிறது. அதோடு பழைய கடன்கள் திரும்பி வருகின்றன. யார் கட்டுகிற பழைய கடன்? இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கானா... நேற்று வாங்கிய ஏழைகள் கட்டுகிற தவணைதான் இன்றைய ஏழைக்குக் கடனாகப் போகிறது. ஊரில் அம்மாக்கள் நடத்துகிற ஏலச்சீட்டு மாதிரி. சீட்டுப் பணத்தில் வளையல் வாங்கியவளை ஓசியில் வாங்கினாள் என்று யாராவது சொன்னால் அந்தத் தெருவில் அவர் நடமாட முடியாது.

ஓசி என்ற சொல்லுக்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ரேஷன் கடையில் பி.எல். 480 கோதுமை வாங்கிய தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அமெரிக்கா போட்ட பிச்சை என்று இன்றும் சொல்கிறார்கள். 1954-ல் ஐசனோவர் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று, அமெரிக்க விவசாயிகளிடம் தேங்கிக் கிடந்த உபரி தானியத்துக்கு வழி பண்ணுவது. நாம் அதற்கு விலை கொடுத்தோம், ரூபாயில். அந்த ரூபாய் அமெரிக்க அரசின் பெயரில் இந்தியாவிலேயே மலைபோலக் குவிந்தது. கடைசியில் அதைச் செலவழிக்க வழி தெரியாமல், 1974 பிப்ரவரியில் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே செக் எழுதி இந்திய அரசிடம் திருப்பிக் கொடுத்தார். உலகிலேயே பெரிய செக் என்று கின்னஸில் ஏறியது. (மிச்ச ரூபாயைத் தங்கள் உபயோகத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, அறுபதுகளில் இந்த ரூபாயை வைத்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை மூட்டை மூட்டையாக வாங்கியது, தமிழும் அதில் உண்டு. இங்கே தேடினாலும் கிடைக்காத சில பழைய தமிழ்ப் புத்தகங்கள் சிகாகோவில் இருப்பதற்கு இந்தக் கோதுமையும் ஒரு காரணம்.) 1965, 66 வறட்சியில் அந்தக் கோதுமை உயிர் காத்தது உண்மை. கப்பல் கப்பலாக எண்ணி எண்ணி அனுப்பி, வியட்நாம் விஷயத்தில் நாம் வாயைத் திறக்கிறோமா என்று ஜான்சன் பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மை. இன்றைக்கும் அமெரிக்க உணவு உதவியில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கிற கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கூலி கூடினாலும் பரவாயில்லை.

இவ்வளவும் சொன்னதால் உதவியை நிறுத்துவதை நான் ஆதரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கோபம் வருவதே அங்கேதான். கணக்கில் இத்தனை உமி கலந்திருப்பதால், வெட்டு விழும்போது அரிசிமேல் விழுகிறது. 2003-ல் ஜார்ஜ் புஷ் ஆரம்பித்த பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் திட்டம் சுத்தமான மானியம். மருந்து, பரிசோதனை, நர்ஸ் சம்பளம். இரண்டரைக் கோடி உயிர்களைக் காப்பாற்றியதாக அமெரிக்க அரசே கணக்குச் சொன்னது. 2025 ஜனவரியில் உதவியை நிறுத்திவை என்று ஒரு உத்தரவு வந்ததும் கிளினிக்குகளில் கதவு சாத்தினார்கள். ஓட்டல் வாடகையை ஒரு நாளில் நிறுத்த முடியாது, ஒப்பந்தம் இருக்கும், கோர்ட்டுக்குப் போவார்கள். பல்கலைக்கழகச் செலவை நிறுத்த முடியாது. கடனை நிறுத்தினால் தங்கள் கம்பெனிகளே சத்தம் போடும். மாத்திரை வாங்குகிற மொசாம்பிக் பெண்மணிக்கு எந்தக் கோர்ட்?

திரும்பிப் போகிற பணத்தையும் பாருங்கள். ஐ.டி.ஏ.விடம் வாங்கத் தகுதியுள்ள ஏழை நாடுகள் மட்டும் 2023-ல் வெளிநாட்டுக் கடனுக்காகக் கட்டிய அசலும் வட்டியும் 9,600 கோடி டாலருக்கு மேல், உலக வங்கியே வெளியிட்ட கணக்கு. அதில் வட்டி மட்டும் 3,400 கோடிக்கு மேல். இதில் பத்திரம் வாங்கிய தனியார் முதலீட்டாளர்களுக்குப் போகிற பங்கும் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு கையில் வருகிறது, பத்திரக்காரனுக்கு என்று மறு கையில் போகிறது. நாங்கள் இதை எவர்கிரீனிங் என்போம். ரிசர்வ் பேங்க் கண்டுபிடித்தால் தோலை உரித்துவிடும்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மூன்று கட்டம் போடுங்கள். எல்லை தாண்டிப் போன, திரும்பி வராத பணம் ஒரு கட்டம். கடன் ஒரு கட்டம், அதில் வட்டி, தவணை, எந்தக் கரன்சி, யாரிடம் சரக்கு வாங்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லாம் பச்சையாக எழுதியிருக்க வேண்டும். உங்கள் ஊரிலேயே செலவழித்தது மூன்றாவது கட்டம். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டு மார்தட்டாதீர்கள். விவரம் எல்லாம் ஓ.இ.சி.டி. தளத்தில் அட்டவணை அட்டவணையாக இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. கடன் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எங்கள் நிபந்தனைகளும்தான் இருக்கின்றன, எத்தனை பேர் படிக்கிறீர்கள்?

வெளிநாட்டுக்காரனைத் திட்டுவதில் எல்லோருக்கும் ஒரு சுகம் இருக்கிறது, அண்ணாச்சியும் இந்த இடத்தில் என் பக்கம் வந்துவிட்டார். அதனால் நம் வீட்டுக் கணக்கையும் எடுத்தேன், மனுஷன் முகம் மாறிவிட்டது. இந்தியாவும் இன்றைக்குக் கொடுக்கிற நாடு. பூட்டானுக்கு மானியம் நிறையவே கொடுக்கிறோம், அது தனி. ஆப்பிரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் எக்ஸிம் பேங்க் மூலமாக நாம் கொடுக்கிற லைன் ஆஃப் கிரெடிட் என்ன? கடன். எக்ஸிம் பேங்க் சந்தையில் பணம் திரட்டுகிறது, குறைத்துக் கொடுக்கிற வட்டியின் வித்தியாசத்தை மத்திய அரசு ஈடுகட்டுகிறது. அந்தப் பணத்தில் பொதுவாக 75 சதவீதத்துக்கு இந்தியாவிலிருந்துதான் சரக்கும் சேவையும் வாங்க வேண்டும். கப்பலில் அமெரிக்கக் கொடி என்றால் கொதிக்கிறோம், டிரான்ஸ்ஃபார்மரில் நம் கம்பெனி பெயர் என்றால் பெருமைப்படுகிறோம்.

இலங்கை விஷயம் நமக்கு இன்னும் நெருக்கம். 2022-ல் அங்கே பெட்ரோல் பங்க்குகளில் நாள்கணக்கில் வரிசை நின்றபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அந்த நேரத்தில் வேறு யாரும் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை, அதை இலங்கைக்காரர்களே சொல்கிறார்கள். அதில் 100 கோடி டாலர் ஸ்டேட் பேங்க் கொடுத்த கடன் வசதி, உணவும் மருந்தும் வாங்க. எரிபொருளுக்கு எக்ஸிம் பேங்க் 50 கோடி டாலர் கடன். மிச்சத்திலும் பெரும்பகுதி கரன்சி ஸ்வாப், தள்ளிவைத்த பாக்கி என்று திருப்பிக் கட்ட வேண்டியவையே. 2024 ஜூனில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் எல்லாம் ஒரு பக்கமும் இலங்கை மறுபக்கமும் உட்கார்ந்து கடன் மறுசீரமைப்பில் கையெழுத்துப் போட்டன. 2025 ஏப்ரலில் பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட கடன்களை மானியமாக மாற்றியதாகப் பிரதமர் கொழும்பில் அறிவித்தார். அந்த வருஷக் கடைசியில் டித்வா புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்ட பிறகு, டிசம்பரில் நம் வெளியுறவு அமைச்சர் போய் 45 கோடி டாலர் தொகுப்பு ஒன்றைச் சொன்னார். 10 கோடி மானியம், 35 கோடி சலுகைக் கடன் என்று பிரித்துத்தான் சொன்னார், அதற்கு ஒரு சபாஷ். மறுநாள் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த செய்தியில் 'இந்தியா 45 கோடி டாலர் நிதியுதவி' என்று மட்டும்தான் இருந்தது. கீழே பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள், அதில் நாலு பேர் பேங்க்காரர்கள்.